ஸ்காலப் வறுவலுக்கு ஈரம்தான் எதிரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சமையல் பக்கத்தில் வந்த ஸ்காலப் (ஒருவகைக் கடல் சிப்பியின் கறி) வறுவல் குறிப்பு, முதல்முறை சமைப்பவர்களுக்கானது என்று போட்டிருந்தீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். கறியை நன்றாக அலசி, உப்பும் எலுமிச்சைச் சாறும் பிசறி அரை மணி நேரம் ஊறவைத்து, மிதமான தீயில் பக்கத்துக்கு 5 நிமிடம் வேகவிடச் சொல்கிறது அந்தக் குறிப்பு. அப்படியே செய்தால் வாணலி முழுக்கத் தண்ணீர் விடும், கறி பாதியாகச் சுருங்கி ரப்பர் மாதிரி ஆகிவிடும். ஒருமுறை இப்படி ஆனால், புதிதாகச் சமைப்பவர் இனி ஸ்காலப் பக்கமே போகமாட்டார். தயவுசெய்து திருத்தம் வெளியிடுங்கள்.

நாம் சாப்பிடுவது சிப்பியின் இரண்டு ஓடுகளையும் இழுத்து மூடும் தசை. ஆட்டிறைச்சியில் இருப்பதுபோல வெந்து இளக வேண்டிய நார் அதில் மிகக் குறைவு. ஆகவே நீண்ட நேரம் வேகவைப்பதால் ஒரு லாபமும் இல்லை. சூடு ஏற ஏறப் புரதம் இறுகி, உள்ளே இருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளும், அவ்வளவுதான். மேலே பொன்னிறமாக முறுகவும் வேண்டும், உள்ளே மென்மையாகவும் இருக்க வேண்டும் என்றால் கடும் சூட்டில், குறைந்த நேரத்தில் முடிக்க வேண்டும். இதைக் கெடுப்பது ஈரம். கறியின் மேல் தண்ணீர் இருக்கும்வரை மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. நன்றாகச் சிவக்க ஏறத்தாழ 140 டிகிரியாவது வேண்டும். அந்தத் தண்ணீர் ஆவியாகி முடிவதற்குள் உள்பக்கம் வெந்து தீர்ந்துவிடும்.

எனவே கவனம் வாங்கும்போதே தொடங்க வேண்டும். எடை கூடவும் நீர் வற்றாமல் இருக்கவும் பாஸ்பேட் கரைசலில் ஊறவைத்த ஸ்காலப்பும் விற்பனைக்கு வருகிறது. அதை அடையாளம் காண்பது எளிது: எல்லாத் துண்டும் ஒரே மாதிரி வெள்ளை வெளேரென்று பளபளக்கும், அடியில் பால் போன்ற நீர் தேங்கியிருக்கும். ஊறவைக்காதது தந்த நிறம், இளஞ்சிவப்பு, வெளிர் ஆரஞ்சு என்று துண்டுக்குத் துண்டு மாறும். தொட்டால் விரலில் லேசாக ஒட்டும். ஆரஞ்சு நிறத்தைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று ஒதுக்கவேண்டாம், அது இயல்பானதே. பொட்டலமாக வாங்கினால் பொருள் பட்டியலில் சோடியம் ட்ரைபாலிபாஸ்பேட் என்று இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அது ஊறவைத்தது. மணம் லேசான இனிப்போடு கடல்வாசனையாக இருக்க வேண்டும். புளிப்போ அம்மோனியா நெடியோ அடித்தால் வாங்கவே கூடாது.

அளவும் முக்கியம். பொட்டலத்தில் 'யு-10' என்று போட்டிருந்தால் ஒரு பவுண்டில், அதாவது 454 கிராமில், பத்துக்கும் குறைவான துண்டுகள். '10/20' என்றால் பத்திலிருந்து இருபது வரை. பழகுவதற்கு இந்த இரண்டாவது அளவே போதும். பொடியாக இருப்பதை வாங்கினால் சிவப்பதற்கு முன்பே வெந்துவிடும்.

உறைந்த ஸ்காலப் என்றால் வடிகட்டியில் போட்டு, கீழே ஒரு பாத்திரம் வைத்து, இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் இளகவிடுங்கள். வெந்நீரில் போடக் கூடாது. புதிதாக வாங்கியது ஓரிரு நாளுக்குள் அடுப்பேற வேண்டும். மணல் இருந்தால் மட்டும் குளிர்ந்த நீரில் ஒருமுறை காட்டி எடுங்கள். ஒவ்வொரு துண்டின் பக்கவாட்டிலும் சிறு பட்டை போல ஒரு தசை ஒட்டியிருக்கும். அதன் இழை மற்ற இழைகளுக்குக் குறுக்கே ஓடும். கட்டைவிரலால் கிள்ளி இழுத்தால் உரிந்து வந்துவிடும். விட்டுவிட்டால் வெந்தபின் சவ்வு மாதிரி பல்லில் மாட்டும். பிறகு உலர்ந்த துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணியை வைத்து ஒற்றி, மூடாத தட்டில் அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள். உப்பை வாணலியில் போடும் நொடியில்தான் தூவ வேண்டும். முன்பே தூவினால் அதுவே நீரை இழுத்து வெளியே கொண்டுவரும். எலுமிச்சை கடைசியில், பரிமாறும்போது.

வாணலி கனமானதாக, அடி தட்டையாக இருக்கட்டும்: இரும்பு அல்லது தடித்த எவர்சில்வர். நான்ஸ்டிக் பாத்திரத்தை இந்த அளவு காயவைப்பது நல்லதல்ல. 28 சென்டிமீட்டர் வாணலிக்கு ஒன்றரை மேசைக்கரண்டி ரீஃபைண்டு எண்ணெய் போதும். வெண்ணெயில் தொடங்கினால் அதிலுள்ள பால்கசடு கருகிவிடும். எண்ணெய் லேசாகப் புகையும்போது துண்டுகளை இரண்டு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். ஒரு தடவைக்கு எட்டுக்கு மேல் வேண்டாம். நெருக்கினால் சூடு இறங்கி, மறுபடி அதே தண்ணீர்க் கதை. போட்ட உடனே 'சுர்ர்' என்ற சத்தம் பலமாகக் கேட்காவிட்டால் வாணலி காயவில்லை, மற்றதைப் போடாமல் நிறுத்துங்கள்.

அதன்பின் கையை வைக்கவே கூடாது. 10/20 அளவுக்கு முதல் பக்கம் இரண்டு நிமிடம். அடி ஒட்டியிருந்தால் கரண்டியால் சுரண்டாதீர்கள். முறுகல் ஏறியதும் பெரும்பாலும் தானாகவே விட்டுக்கொடுக்கும். இடுக்கியால் திருப்பிப் போட்டு, ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய் சேர்த்து, உருகியதை மேலே அள்ளி ஊற்றியபடி ஒன்று முதல் ஒன்றரை நிமிடம். பக்கவாட்டில் பார்த்தால் மேலும் கீழும் வெளுத்து, நடுவில் மட்டும் கண்ணாடி போல மெல்லிய கோடு தெரியும். அப்போதே தட்டுக்கு மாற்றுங்கள். மீதியை உள்ளிருக்கும் சூடு பார்த்துக்கொள்ளும். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் சாப்பிடுவதாக இருந்தால் அந்தக் கோடும் மறையும்வரை, உள்ளே 63 டிகிரி வரும்வரை வேகவிட வேண்டும்.

ஓட்டோடு வாங்குபவர்களுக்கும் குறிப்பில் எச்சரிக்கை ஏதும் இல்லை. உயிருள்ள சிப்பி லேசாகத் திறந்திருக்கலாம், ஆனால் தட்டினால் மூட முயல வேண்டும். அசைவே இல்லாததைத் தள்ளிவிடுங்கள். மெல்லிய கத்தியைத் தட்டையான ஓட்டின் உள்பக்கத்தோடு ஒட்டி ஓட்டினால் தசை விடுபடும். ஓரச் சவ்வு, செவுள், கரிய குடல்பகுதி மூன்றையும் எறிந்துவிட வேண்டும். கடல் பாசியிலிருந்து வரும் நச்சு அந்தக் கரிய பகுதியில்தான் அதிகம் சேரும், எவ்வளவு வேகவைத்தாலும் அது அழியாது. சிப்பி வகை ஒவ்வாமை உள்ளவர்கள் ஸ்காலப்பைத் தொடவே கூடாது என்ற வரியையும் திருத்தத்தில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்