நோதோவின் வயல் தெய்வம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் இதழில் வந்த ஜப்பானிய அறுவடைத் திருவிழாக்கள் பற்றிய கட்டுரையில் பல்லக்கு, மேளம், கூட்டம் எல்லாம் வந்துவிட்டன. சரி, பார்க்க ஆளே இல்லாமல் நடக்கிற ஒன்றும் அங்கே உண்டு. இஷிகாவா மாகாணத்தில், நோதோ தீபகற்பத்தின் வடபகுதி விவசாயிகள் தங்கள் வீட்டுக்குள்ளேயே செய்யும் ‘ஆயெனோகோத்தோ’வைச் சொல்கிறேன்.

டிசம்பர் 5-ஆம் தேதி குடும்பத் தலைவர் சடங்கு உடை உடுத்தி, வயல் தெய்வத்தை வீட்டுக்கு அழைத்து வருவார். தெய்வம் கணவனும் மனைவியுமாக வருவதாக நம்பிக்கை. நெற்கதிர் குத்திக் கண்பார்வை போய்விட்டது என்று கதை சொல்கிறார்கள். அதனால் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லித்தான் ஆக வேண்டும். சம்பந்தி வீட்டார் வந்துவிட்ட மாதிரி உபசாரம்! தொட்டியில் கைவிட்டு வெந்நீரின் சூடு பார்த்துவிட்டுத் தெய்வத்தைக் குளிக்கச் சொல்வார். பிறகு விதைநெல் மூட்டைகளுக்கு முன்னால் இரண்டு தட்டுகளில் விருந்து. இது பயறு போட்ட சோறு, இது மீன், இது இரண்டாகக் கிளைத்த முள்ளங்கி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பரிமாறுவார். காலி அறையில் ஒரு பெரியவர் இவ்வளவு மரியாதையாகப் பேசிக்கொண்டிருப்பதை ஒளிப்பதிவில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறிவிட்டால் இத்தகைய விழாக்களுக்கு இனி ஆபத்தில்லை என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். இதைத்தான் ஏற்க முடியவில்லை. ஆயெனோகோத்தோ 2009-லேயே அந்தப் பட்டியலில் சேர்ந்தது. டிசம்பரில் வரும் தெய்வம் பிப்ரவரி 9 வரை வீட்டில் தங்கியிருந்துவிட்டுத்தான் வயலுக்குத் திரும்பும். 2024 ஜனவரி 1-ஆம் தேதி 7.6 அளவு நிலநடுக்கம் நோதோவைப் புரட்டிப் போட்டது. அதாவது, விருந்தாளி வீட்டுக்குள் இருந்த நேரத்தில். அங்குள்ள வாஜிமா நகரின் பெயர்பெற்ற அடுக்கு வயல்கள் வெடித்துப் பிளந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் கொட்டிய மழையில், வீடிழந்தவர்களுக்குக் கட்டிக்கொடுத்த தற்காலிகக் குடியிருப்புகளுக்குள்ளும் வெள்ளம் புகுந்தது.

பல்லக்கு உடைந்தால் ஊர்கூடி வசூல் செய்து சரிபண்ணலாம். இந்தச் சடங்குக்கோ சொந்த வீடு வேண்டும், குளியல் தொட்டி வேண்டும், உழுகிற வயலும் அதை உழ ஆளும் வேண்டும். இளையவர்கள் ஏற்கெனவே நகரத்துக்குப் போய்விட்ட பகுதி அது. பட்டியல் இதில் எதைக் கொண்டுவந்து தரும்?

அடுத்த முறை ஜப்பான் பற்றி எழுதும்போது, நோதோ விவசாயிகள் இப்போது எங்கே குடியிருக்கிறார்கள், எத்தனை பேர் மறுபடி நாற்று நட்டார்கள் என்றும் விசாரித்து எழுதச் சொல்லுங்கள். வண்ணப்படங்கள் இரண்டு குறைந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கும்பகோணம்