மஞ்சள் பையில் இருக்கும் ஜாதகங்கள்

முகப்பேர், சென்னை

அன்புள்ள செந்திலுக்கு அம்மா எழுதுவது.

மழை விட்டுவிட்டது. அப்பாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை. நீ ராத்திரியில் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? போன் ஏன் எடுப்பதில்லை என்று நான் கேட்கப்போவதில்லை.

பையில் நாற்பத்து மூன்று ஜாதக நகல் சேர்ந்துவிட்டது. நாலு மூலையிலும் தடவிய மஞ்சள் இன்னும் போகவில்லை. திருச்செங்கோட்டுக்காரர்கள் திருப்பிக் கொடுத்ததும் அதில்தான் கிடக்கிறது. உன்னிடம் ஒரு குறையும் இல்லை கண்ணு, கணக்குதான் இடிக்கிறது. இயற்கையில் 100 பெண் பிறந்தால் 105 ஆண் பிறக்கும். அப்படியானால் 1000 பையன்களுக்கு 950 பெண்ணாவது இருக்க வேண்டும். 2001 கணக்கெடுப்பில் ஆறு வயது வரைக்குமான பிள்ளைகளில் 1000 பையன்களுக்கு நம் சேலம் மாவட்டத்தில் 851 பெண்கள்தான். நீ இருக்கும் ஹரியானாவில் 819. அந்தப் பிள்ளைகள்தான் இப்போது கல்யாண வயதில் நிற்கிறார்கள். அதற்கு மேல், ஐந்து வயது இளையவளாகத் தேடினால், பிறப்பே குறைந்துகொண்டு வந்த வருஷங்களுக்குள் போய்த் தேடுகிறோம். குட்டை சின்னது, தூண்டில் நிறைய.

அதனால் உன் கல்யாணப் பதிவில் வயது வித்தியாசத்தை இரண்டாக்கு. ஒரு வயது மூத்தவளானாலும் சரி. உட்பிரிவைக் காலியாக விடு. பத்துப் பொருத்தத்தில் ரஜ்ஜு போதும் என்று அப்பாவே இறங்கி வந்துவிட்டார். பெண் வீட்டில் பதில் கேட்டால் மூன்று நாளைக்குள் சொல்லிவிடு, ஆறப்போட்டால் அடுத்த இடம் வந்துவிடும். வேலையை விடச் சொல்லாதே. ராத்திரி சாப்பிடு.

மாமா சொல்லும் தரகர் மட்டும் வேண்டாம். அசாமிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் பணம் கொடுத்துக் கூட்டி வந்தவளை உங்கள் பக்கம் 'மோல்கி' என்கிறார்களே, விலைக்கு வாங்கியவள் என்று. பாஷை தெரியாமல், பிறந்த வீட்டுத் துணை இல்லாமல் அவள் படும் பாட்டை நீயே பார்த்திருப்பாய்.

தங்கச்சி கல்யாணத்தைத் தனி ஆளாக நின்று நடத்தின பிள்ளை நீ. அவளுக்காவது ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

உன்னிடம் சொல்லாதது ஒன்று உண்டு. நாம் ஓட்டு வீட்டில் குடியிருந்தோமே, அந்த வீட்டுக்கார அம்மாவுக்கு 1996இல் மூன்றாவதும் பெண். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்கள். குழந்தையின் உதட்டோரம் கறை இருந்தது. பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசாங்கத் தொட்டிலில் விட்டுவிடச் சொல்லும் தொட்டில் திட்டம் சேலத்தில் வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது, அதை வீடு வீடாகச் சொன்ன நர்ஸ் நான்தான். ரிஜிஸ்டரில் 'மூச்சுத் திணறல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வாடகை வீடு, நீ கைப்பிள்ளை, வேறென்ன சொல்ல.

போன வாரம் அந்த அம்மா போன் செய்தார். அதற்கப்புறம் பிறந்த பையனுக்கு இருபத்தெட்டு முடிகிறதாம். தெரிந்த இடத்தில் பெண் இருந்தால் சொல்லச் சொன்னார். பார்க்கிறேன் என்றேன்.

உன் பதிவில் போட்டோ பழசு. முடி கொட்டியிருந்தாலும் புதுசாக ஒன்று எடுத்து அனுப்பு.

அம்மா