மூடிய அறையும் திறந்த கோப்பும்

ஆசிரியருக்கு,

அமெரிக்கத் துணை அதிபராக இருந்த டிக் செனியைப் பற்றிய படத்துக்கு உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த விமர்சனம், மூடிய அறைக்குள் அவர் பேசும் வசனங்களையே உண்மையில் நடந்ததற்குச் சான்றாகக் காட்டுகிறது. அவை திரைக்கதை எழுதியவரின் ஊகம். ஊகமே தேவைப்படாத உண்மை தனியே கிடக்கிறது: எந்தப் பேரழிவு ஆயுதங்களைச் சொல்லி 2003 மார்ச்சில் செனி இருந்த அமெரிக்க அரசு ஈராக் மீது படையெடுத்ததோ, அவற்றின் கையிருப்பு அங்கே இல்லை என்று அமெரிக்கா அனுப்பிய ஆய்வுக் குழுவே 2004-இல் அறிக்கை தந்துவிட்டது.

அந்த மார்ச்சில் மேலப்பாளையம் பஜாரின் எஸ்.டி.டி. பூத்தில், சிவப்பு எண்கள் ஓட ஓட, குவைத்தில் இருந்த அண்ணன் ஜன்னல் இடுக்குகளில் டேப் ஒட்டியிருப்பதாகச் சொல்லக் கேட்டு நின்றவன் நான். விஷவாயு நுழையாதாம்! இத்தகைய படங்களின் விமர்சனத்தோடு, ஆவணத்தில் உள்ளது எது, கற்பனை எது என்று ஒரு சிறு கட்டம் போட்டு வெளியிடுங்கள்.

– ஒரு வாசகர், மேலப்பாளையம், திருநெல்வேலி