லனெத்லியிலிருந்து அப்பாவுக்கு

லனெத்லி,
டிசம்பர் 2025

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதம் போன கிழமை வந்தது. போனில் பேசினால் உங்களுக்குக் கேட்பதில்லை, தங்கச்சி நடுவில் நின்று சத்தமாகச் சொல்வதற்குள் பாதி விஷயம் போய்விடுகிறது. அதனால் இனி நானும் எழுதியே அனுப்புகிறேன். அம்மா கடைசியில் சேர்த்திருந்த நாலு வரியையும் வாசித்தேன். நான் நன்றாக இருக்கிறேன். சாப்பாடு, தூக்கம் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. கோட் வாங்கினாயா என்று அம்மா கேட்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் மகனுடைய கோட் ஒன்றைத் தந்தார். நல்ல கனமானது, இந்தத் தரத்தில் இப்போது கடையில் கிடைக்காது. அதனால் வாங்கவில்லை.

வேல்ஸ் வரைக்கும் போய் றக்பி பார்க்காமலா இருக்கிறாய் என்று கேட்டிருந்தீர்கள். பார்க்கிறேன் அப்பா. இந்த ஊரில் பார்க்காமல் இருக்கவே முடியாது. கண்டியைவிடச் சின்ன ஊர் இது. ஆனாலும் ஐரோப்பா முழுக்கத் தெரிந்த அணி ஒன்று இங்கே இருக்கிறது, ஸ்கார்லட்ஸ். 2003இல் வேல்ஸின் பெரிய கிளப்களைச் சேர்த்து ஐந்து தொழில்முறை அணிகளாக்கினார்கள். ஒன்று அடுத்த வருடமே கலைந்துவிட்டது. மிச்சம் நாலு: கார்டிஃப், நியூபோர்ட்டில் டிராகன்ஸ், ஸ்வான்சீ பக்கம் ஆஸ்ப்ரீஸ், அப்புறம் நம்முடையது. நம்முடையது என்றே எழுத வருகிறது.

மைதானத்தின் பெயர் பார்க் இ ஸ்கார்லட்ஸ். 2008இல் திறந்தது, கிட்டத்தட்ட 15,000 பேர் உட்காரலாம். அம்மாவுக்குச் சொல்லுங்கள், இங்கே கோல் கம்பங்களின் உச்சியில் சிவப்பு சாஸ்பேன் வைத்திருக்கிறார்கள்! ஒரு காலத்தில் உலகத்துக்கே தகரத் தகடு அனுப்பிய ஊர் இது. சாஸ்பேனைப் பற்றி இவர்களுக்கு ஒரு பழைய பாட்டும் உண்டு. ஆட்டம் சூடு பிடித்தால் எல்லோரும் எழுந்து அதைப் பாடுவார்கள். வெல்ஷ் மொழி எனக்குத் தெரியாது, ஆனாலும் பாட்டு முழுதும் இப்போது வாயில் வருகிறது.

பெரியவரைப் பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும். ட்ரோஸ்ட்ரே தகர ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். மகன் கார்டிஃபில். அந்த மகனுடைய சீசன் டிக்கெட்டில்தான் நான் போகிறேன், சும்மா கிடக்கிற இடத்தை ஏன் விடுவானேன் என்று அவரே கூப்பிட்டார். வெளியூர் மேட்ச்களை அவர் வீட்டு டிவியில் பார்க்கிறோம். எதிரணிக்குப் பெனால்ட்டி கிடைத்தால் மட்டும் எழுந்து குசினிக்குள் போய் நின்றுகொள்வார். உதை முடிந்ததும் நான் உள்ளே போனதா, வெளியே போனதா என்று குரல் கொடுக்க வேண்டும்.

காரணத்தைப் பிறகுதான் சொன்னார். 1972 அக்டோபர் 31, நியூசிலாந்து அணி இங்கே பழைய ஸ்ட்ரேடி பார்க் மைதானத்தில் ஆட வந்தது. அன்றைக்கு இவர் பள்ளிக்கூடப் பையன். லனெத்லி கிளப்பின் பயிற்சியாளர் கார்வின் ஜேம்ஸ், கேப்டன் டெல்மி தாமஸ். ஆரம்பத்திலேயே ஃபில் பென்னட் உதைத்த பெனால்ட்டி குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. நியூசிலாந்துக்காரர் பந்தை எடுத்து வெளியே உதைக்கப் பார்த்தார், நம் ராய் பெர்ஜியர்ஸ் பாய்ந்து அந்த உதையை மறித்து, பந்தைக் கோட்டுக்கு அப்பால் தரையில் அழுத்தி ட்ரை போட்டார். அப்போது ட்ரைக்கு 4 புள்ளி. கடைசியில் 9க்கு 3, லனெத்லி வெற்றி. அன்று ராத்திரி ஊர் பப்களில் பியரே தீர்ந்துபோனதாம். அப்புறம் 2002, ஐரோப்பியக் கோப்பை அரையிறுதி, நாட்டிங்ஹாமில் லெஸ்டருக்கு எதிராக. ஆட்டம் முடியப் போகிற நேரம், ஏறக்குறைய மைதானத்தின் நடுவிலிருந்து லெஸ்டரின் டிம் ஸ்டிம்ப்சன் ஒரு பெனால்ட்டி உதைத்தார். குறுக்குக் கம்பத்தில் பட்டு, பக்கக் கம்பத்திலும் பட்டு, உள்ளே விழுந்தது. 13க்கு 12. "அந்தக் கம்பம் 72இல் கொடுத்ததை 30 வருடம் கழித்துத் திருப்பி வாங்கிக்கொண்டது" என்கிறார். அன்றிலிருந்து பார்ப்பதில்லை.

அந்தக் கோப்பையை இது வரைக்கும் எந்த வெல்ஷ் அணியும் வாங்கவில்லை அப்பா. முதல் இறுதி ஆட்டம் 1996இல் கார்டிஃபில்தான் நடந்தது. கூடுதல் நேரம் வரை போய் சொந்த ஊரிலேயே கார்டிஃப் 21க்கு 18 என்று துலூஸிடம் தோற்றது. துலூஸ் இப்போது 6 தடவை வாங்கிவிட்டது. இந்த மே மாதமும் இறுதி ஆட்டம் கார்டிஃபில், கோப்பை போர்தோவுக்குப் போனது. பிரெஞ்சு கிளப்களிடம் இருக்கிற காசுக்கு இங்கே உள்ளவர்கள் எங்கே போவார்கள்? ஆனால் மற்ற நாட்டு அணிகளோடு சேர்ந்து ஆடுகிற லீக்கில் ஸ்கார்லட்ஸுக்கு ஒரு பெரிய வருடம் உண்டு. 2017, அரையிறுதியில் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, 14 பேராக நின்று டப்ளினில் லெய்ன்ஸ்டரை 27க்கு 15 என்று தோற்கடித்தார்கள். அடுத்து இறுதி ஆட்டத்தில் அதே டப்ளினில் மன்ஸ்டரை 46க்கு 22. இரண்டுக்கும் பெரியவர் போயிருக்கிறார். முன்வரிசை நின்றால்தான் பின்வரிசை ஓடும் என்று நீங்கள் சொல்வீர்களே, அந்த அரையிறுதியின் பதிவைப் பார்த்தபோது அதைத்தான் நினைத்தேன்.

இப்போது அந்த லீக்கில் 16 அணிகள். அயர்லாந்து, ஸ்கொட்லாந்து, இத்தாலி, 2021இலிருந்து தென்னாப்பிரிக்காவும். ஒரு கிழமை இங்கே மழையில் ஆடிவிட்டு இன்னொரு கிழமை பிரிட்டோரியாவின் உயரத்தில் போய் மூச்சு வாங்க ஆடுகிறார்கள். 7 புள்ளிக்குள் தோற்றால் ஒரு போனஸ் புள்ளி உண்டு, அதற்காகக் கடைசி நிமிடம் வரை உயிரைக் கொடுப்பார்கள். முதியோர் இல்லத்தில் நான் கவனிக்கிற பாட்டி ஒருவர் இருக்கிறார், ஞாயிறு காலை மாத்திரையோடு போனால் முதலில் ஸ்கோர் சொல்லு, பிறகு தா என்பார். தோற்ற நாளில் போனஸ் புள்ளி வந்ததா என்று கேட்பார். இரவு வேலையை நானாகத்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன், வாரக்கடைசி பகலில் மேட்ச் பார்க்க வசதி. நீங்கள் வேறு மாதிரி நினைக்க வேண்டாம்.

ஊர் கொஞ்சம் கலங்கித்தான் இருக்கிறது. காசு போதவில்லை என்று நாலு அணியை மூன்றாக்கப் போவதாக வேல்ஸ் றக்பி யூனியன் அக்டோபரில் அறிவித்தது. கார்டிஃபில் ஒன்று, கிழக்கில் ஒன்று, மேற்கில் ஒன்று. மேற்கில் இப்போது இரண்டு இருக்கின்றன, நாமும் ஆஸ்ப்ரீஸும். ஸ்வான்சீ இங்கிருந்து இருபது கிலோமீட்டர்கூட இல்லை, அவர்களை ஜென்ம எதிரியாகத்தான் இவர்கள் பார்ப்பார்கள். ஆனால் இந்தச் செய்தி வந்த பிறகு பெரியவர் அவர்களைப் பற்றியும் கவலைப்படுகிறார். கணக்கு எழுதுகிறவர்களுக்கு நாலை மூன்றாக்குவது ஒரு கோடு அடிப்பதுதான். இங்கே உள்ளவர்களுக்கு அது அப்படியில்லை. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின, கடைத்தெரு வெறிச்சோடிப் போயிற்று, வெள்ளிக்கிழமை இரவு எல்லோரும் ஓர் இடத்தில் கூடுவது இதற்காக மட்டும்தான். ஒரு அணியை எடுத்துவிட்டு நீ போய்ப் பக்கத்து ஊர் அணியைப் பார் என்றால் யார் பார்ப்பார்கள்? கண்டியில் நம் நித்தவெல மைதானத்தைப் பூட்டிவிட்டுக் கொழும்பு கிளப்புக்குக் கைதட்டு என்று உங்களிடம் சொன்னால் கேட்பீர்களா?

சாப்பாட்டைப் பற்றி அம்மா கேட்பார். பெரியவர் ஞாயிற்றுக்கிழமைகளில் கௌல் என்று ஆட்டிறைச்சியும் லீக்ஸும் கிழங்கும் போட்ட சூப் தருவார். மிளகாய் கிடையாது, நான் மிளகுத்தூள் போட்டுக்கொள்கிறேன். பக்கத்துக் கடற்கரையில் மட்டி அள்ளுகிறார்கள், அதைக் கறுப்பாக வேகவைத்த கடற்பாசியோடு காலையில் சாப்பிடுவார்கள். மட்டி நன்றாகவே இருக்கிறது. நான் செய்த தேங்காய்ச் சம்பலை அவர் கண்ணில் தண்ணீர் வர வர முழுதும் சாப்பிட்டார்.

போன மேட்சில் நம் ஆட்கள் ஸ்க்ரமில் எதிரணியை அப்படியே பின்னுக்குத் தள்ளிப் பெனால்ட்டி வாங்கினார்கள். பார்த்தீர்களா என்று இடது பக்கம் திரும்பிவிட்டேன். நீங்கள் எப்போதும் என் இடது பக்கம்தானே உட்காருவீர்கள், கச்சான் சரையை நடுவில் வைத்துக்கொண்டு. அங்கே யாரோ ஒரு பொம்பிளை, பாவம், என்னைப் பார்த்துச் சிரித்தார். அதற்குப் பிறகு அந்த ஆட்டத்தில் என்ன நடந்தது என்று எனக்கு ஞாபகமில்லை. வீட்டுக்கு வரும்போது பெரியவர் ஒன்றும் கேட்கவில்லை. உங்களை ஒரு தடவை இங்கே கூட்டி வந்து காட்ட வேண்டும் அப்பா. ஒரே ஒரு மேட்ச் போதும்.

சரி, வீட்டு விஷயம். அம்மாவின் கண் ஒப்பரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம். தை பிறந்ததும் தேதி எடுக்கச் சொல்லுங்கள், தங்கச்சி லீவு போட்டுக் கூடப் போகட்டும். அதற்கான பணத்தைத் தனியாக அனுப்புகிறேன். வழக்கமான பணம் இந்த மாதம் பதினைந்தாம் தேதிக்குப் பிறகுதான் வரும், கொஞ்சம் குறைவாகவும் இருக்கும். இங்கே பண்டிகை நேரத்தில் சம்பளக் கணக்கு முன்பின்னாகிறது, வேறு ஒன்றுமில்லை. அடுத்த மாதம் சேர்த்து அனுப்பிவிடுவேன்.

பின் அறைக் கூரைத் தகட்டை மாற்றுவதற்கு முன்னர் கட்டிட வேலை செய்கிற அடுத்த வீட்டு பாஸிடம் விலை கேளுங்கள், போன தடவை வந்தவர் கூடுதலாக வாங்கிவிட்டார். தங்கச்சிக்கு வந்த சம்பந்தத்தைப் பற்றி அம்மா எழுதியிருந்தார். பையனைப் பற்றிச் சித்தப்பாவிடம் விசாரித்தீர்களா? தங்கச்சியின் விருப்பத்தை முதலில் கேளுங்கள், மற்றதெல்லாம் பிறகு பார்க்கலாம்.

கட்டுகஸ்தோட்டை காணி விஷயமாகச் சின்ன மாமா வந்து உறுதிப் பத்திரத்தைக் கேட்டதாகத் தங்கச்சி சொன்னாள். மாமா நல்லவர்தான், ஆனாலும் மூலப் பத்திரத்தை யார் கையிலும் கொடுக்காதீர்கள். போட்டோ காப்பி எடுத்துக் கொடுங்கள், லோயரிடம் காட்ட அது போதும்.

காது கருவிக்கு அளவு எடுக்க என்றைக்கு வரச் சொன்னார்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்