‘அரிப்பு இருக்கா?’ என்று மட்டும் கேட்காதீர்கள்

தோல் மருத்துவர்களுக்கும், அவர்களுக்கு முன்பே நோயாளியிடம் பேசிச் சீட்டில் குறிப்பெழுதும் செவிலியர்களுக்கும் வணக்கம்.

என் மாமியார் யாழ்ப்பாணத்துக்காரர். போன வருடம் இங்கே ஒரு மருத்துவமனையில், “உடம்பெல்லாம் கடிக்குது” என்றார். எது கடிச்சுது என்று கேட்டார்கள். “ஒண்டும் கடிக்கேல்லை, சும்மா கடிக்குது” என்று விரலிடுக்கைச் சொறிந்துகொண்டே சொன்னார். சீட்டில் ‘பூச்சிக்கடி’ என்று ஏறியது, ஒரு களிம்போடு திரும்பி வந்தோம். ஈழத்தில் கடி என்றால் அரிப்பும்தான். அவருக்கு வந்திருந்தது சிரங்கு. ராத்திரியானால் விசிறிக் காம்பால் முதுகைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் மருந்து போட்டால்தான் போகிற நோய் அது. அது தெரிவதற்குள் பேரப்பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஒட்டிக்கொண்டது.

சரி, அது ஊர் வழக்கு. ஆனால் தமிழ்நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்களிடமும் ‘அரிப்பு’ என்ற சொல் சரியாக வேலை செய்வதில்லை. நல்ல சொல்தான் அது. கரையான் மரத்தை அரிக்கிறது, கடல் கரையை அரிக்கிறது, கல் போக அரிசியை அரிக்கிறோம். விடாமல், கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிற எதற்கும் பொருந்துகிற அந்தச் சொல்லைத் தெருச்சண்டையில் பெண்களை ஏசுகிற வசவாக ஆக்கி வைத்திருக்கிறோம். ஆணுக்கு அதே உணர்வு வந்தால் தினவு, தினவெடுத்த தோள் என்று புகழ்ச்சி! இது எனக்குக் கோபம் வருகிற விஷயம்.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு எட்டாம் மாதம். உள்ளங்கையும் உள்ளங்காலும் நமநமவென்று இருப்பதாக என்னிடம் சொன்னவர், வரிசையில் பத்துப் பேர் நிற்க ஓர் இளம் டாக்டர் “அரிப்பு ஏதாவது இருக்கா?” என்று கேட்டதும் இல்லை என்று தலையாட்டிவிட்டார். தடிப்பே இல்லாமல் கர்ப்பிணிக்கு உள்ளங்கை, உள்ளங்காலில் வருகிற நமைச்சல் கல்லீரல் கோளாறாக இருக்கலாம், அது குழந்தைக்கும் ஆபத்தாகலாம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் நானே கூடப் போய்ச் சொன்ன பிறகுதான் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்.

அதனால் கேட்கிறேன். நமைச்சல் இருக்கா, ஊறுதா, கடிக்குதா, சொறியணும்போல இருக்கா, ராத்திரி தூங்க விடுதா என்று நாலு விதமாகக் கேளுங்கள். பெண்களிடம் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போய்க் கேளுங்கள். அப்புறம் சீட்டில் உங்கள் சொல்லோடு அவர்கள் சொன்ன சொல்லையும் அப்படியே எழுதி வையுங்கள். ‘சும்மா கடிக்குது’ என்று எழுதியிருந்தால் அடுத்துப் பார்த்த டாக்டராவது இன்னொரு கேள்வி கேட்டிருப்பார்.