சுரம் ஒரு பட்டியல், தாளம் ஒரு பட்டியல்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் விடுதிக்குப் போனபின் காலியான அறையில் மறுபடி இசைக்கருவிகள் வந்துவிட்டன என்று படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். தோள்வலியால் மேடையில் வாசிப்பதைக் குறைத்துக்கொண்டேன். மாலை நேரங்கள் முழுக்க இப்போது சிந்தசைசரோடுதான்.

ரோலண்ட் நிறுவனத்தின் பழைய டிபி-303 சிந்தசைசர் வழியில் வந்த பேஸ் (கீழ்ச்சுர) கருவி வாங்கியிருக்கிறாய். சத்தம் நன்றாக வருகிறது, ஆனால் பேட்டர்ன், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் சுர வரிசை, எழுத உட்கார்ந்தால் பொறுமை போய்விடுகிறது, பேசாமல் கணினியிலிருந்தே சுரங்களை அனுப்பிவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம்டா. கொஞ்ச காலத்துக்காவது கருவியில் இருக்கும் சீக்வென்சரிலேயே (சுரங்களைச் சேமித்துத் தானே ஓட்டும் பகுதி) எழுது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் இணைப்பு. மிக்சரில் ஒரு சேனல் போதும். ரெசொனன்ஸ் (ஒலியை வடிகட்டும் ஃபில்டரின் கூர்மையைக் கூட்டும் குமிழ்) ஏற்றியிருக்கும்போது ஒரு அக்சென்ட் (சுரத்துக்குக் கொடுக்கும் அழுத்தம்) விழுந்தால் ஒலி திடீரென்று எகிறும், அதனால் ஹெட்ஃபோனோ ஸ்பீக்கரோ, வால்யூமைக் குறைத்து வைத்தே ஆரம்பி. ஒலியை உண்டாக்கும் அனலாக் ஆசிலேட்டர் சூடாகும்வரை சுருதி நகர்ந்துகொண்டே இருக்கும். கருவியைப் போட்டுவிட்டுக் கால் மணி நேரம் வேறு வேலை பார், பிறகு ஒரு நீண்ட சுரத்தை ஓடவிட்டு டியூனரில் சரிபார். அவ்வளவுதான், இதில் பெரிய வித்தை எதுவும் இல்லை.

எழுதும் முறையில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். மூல 303 ஒரு பேட்டர்னை இரண்டு தனித்தனிப் பட்டியல்களாக வைத்திருக்கிறது. பிட்ச் நிலையில் சுரங்களை மட்டும் வரிசையாகக் கொடுக்கிறாய், அங்கே தாளம் கிடையாது. டைம் நிலையில் பதினாறு இடங்களுக்கும் சுரம், நீட்டல், மௌனம் என்று ஏதாவது ஒன்றைக் கொடுக்கிறாய், அங்கே எந்தச் சுரம் என்ற பேச்சே கிடையாது. ஓடும்போது கருவி இரண்டையும் கோத்துக்கொள்கிறது. மௌனம் வரும் இடத்தில் சுரப்பட்டியல் நகராமல் காத்திருக்கும். அதனால் நடுவில் இருக்கும் ஒரு மௌனத்தைச் சுரமாக மாற்றினால், அதற்குப் பின்னால் உள்ள சுரங்கள் எல்லாம் ஒரு இடம் முன்னாலேயே வந்து விழும். உன் கருவி வேறு மாதிரி கேட்கலாம், அதன் கையேட்டைப் பார்த்துக்கொள். ஆனால் இப்படி இரண்டாகப் பிரித்து எழுதும் வசதி இருந்தால் அதையே பிடித்துக்கொள். கீபோர்டில் விரல் வைத்தால் பழகிய இடங்களுக்கே கை போகும். இப்படி எழுதும்போது உன் கை ஒருநாளும் வாசிக்காத ஒரு வரி தானாக வந்து நிற்கும். நான் கணினி வேண்டாம் என்பது இதனால்தான்.

சுரங்களைக் குறைவாக வை. ஷட்ஜம், மேல் ஷட்ஜம், சாதாரண காந்தாரம், கைசிகி நிஷாதம், இவை நான்கே போதும். வரிக்கு உயிர் கொடுப்பவை அக்சென்டும், ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கும் ஸ்லைடும்.

அக்சென்ட் என்றால் ஒலி கூடுவது மட்டுமில்லை. அந்தச் சுரத்துக்கு டிகே குமிழ் (ஃபில்டர் எவ்வளவு மெதுவாக மூடுகிறது என்பதைச் சொல்வது) எங்கே இருந்தாலும் பொருட்டில்லை, ஃபில்டர் என்வலப், அதாவது ஃபில்டர் திறந்து மூடும் போக்கு, மிகக் குறுகலாகிவிடும். கூடவே ஃபில்டரை மேலே தள்ளும் ஒரு மின்சுற்று வேலை செய்யும். அதில் இருக்கும் மின்தேக்கி முழுதாக வடிவதற்குள் அடுத்த அக்சென்ட் வந்தால், ஃபில்டர் இன்னும் உயரத்தில் திறக்கும். அடுத்தடுத்து மூன்று அக்சென்ட் வைத்துக் கேட்டுப்பார், ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கூர்மையாக எழும். கணினியிலிருந்து வெறும் வால்யூமை ஏற்றினால் இது கிடைக்காது.

ஸ்லைடு வைத்த இடத்தில் இரண்டாவது சுரம் புதிதாகத் தட்டப்படுவதில்லை. சுருதி வழுக்கிக்கொண்டு போகும், என்வலப் மட்டும் விட்ட இடத்திலிருந்து மூடிக்கொண்டே இருக்கும். கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு இது உடனே பிடிபடும். ஷட்ஜத்திலிருந்து மேல் ஷட்ஜத்துக்கு ஒரு ஸ்லைடு போட்டு, போய்ச் சேரும் சுரத்தில் அக்சென்ட் வை. அப்புறம் அக்சென்டுகளை 3, 3, 4, 3, 3 என்ற கணக்கில், அதாவது 1, 4, 7, 11, 14 ஆகிய இடங்களில் வைத்துப் பார். சுரம் ஒன்றைக்கூட மாற்றாமலே வரி வேறாகிவிடும்.

இதெல்லாம் அமைந்த பிறகு குமிழ்களைத் தொடு. கட்ஆஃபைத் (ஃபில்டர் வெட்டத் தொடங்கும் இடம்) தாழ்த்தி, ரெசொனன்ஸை முக்கால்வாசி ஏற்றி, என்வலப் மாடுலேஷனை (என்வலப் ஃபில்டரை எவ்வளவு அசைக்கிறது என்பது) மெல்லக் கூட்டு. நிறைய பேர் கட்ஆஃபைத்தான் ஓயாமல் திருப்புகிறார்கள். எனக்கு டிகேதான் பிரியமான குமிழ். அதை நீட்டும்போது அக்சென்ட் இல்லாத சுரங்கள் மட்டும் விரிந்து வரும், அக்சென்டுகள் அப்படியே நறுக்கென்று நிற்கும். ஆசிலேட்டர் தரும் சா (ரம்பப் பல்) அலை, ஸ்கொயர் (சதுர) அலை இரண்டில் நான் பெரும்பாலும் சா அலைதான் வைக்கிறேன்.

இதன் வரலாற்றை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். ததாவோ கிகுமோட்டோ வடிவமைத்தது. தனியாகப் பயிற்சி செய்யும் கிடார்க்காரர்களுக்குப் பின்னணி பேஸாக, டிஆர்-606 டிரம் கருவிக்கு ஜோடியாக 1981இல் வந்தது. நிஜ பேஸ் கிடார் மாதிரி ஒலிக்கவில்லை, விற்பனை படுத்தது, 1984இல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதற்கு முன்பே, 1982இல், மும்பையின் சரண்ஜித் சிங் அதே 303ஐ வைத்து டிஸ்கோ தாளத்தில் ராகங்களைப் பதிவுசெய்துவிட்டார். அன்று யாரும் கண்டுகொள்ளவில்லை. 1987இல் சிகாகோவின் ஃபியூச்சர் குழு குமிழ்களைத் திருப்பிக்கொண்டே வாசித்த பதிவுக்குப் பிறகுதான் ஆசிட் ஹவுஸ் என்று ஒரு நடன இசை வகையே உருவானது. ராகத்தை மனதில் வைத்து இந்தக் கருவியை அணுகியவர் அவ்வளவு முன்னாலேயே இருந்தார் என்பது நமக்கெல்லாம் எவ்வளவு பெரிய தெம்பு!

டிரம் கருவியோடு இணைக்கும்போது ஒன்றைக் கவனி. கருவிகளை ஒரே வேகத்தில் ஓடவைக்கும் பழைய டின் சிங்க் பிளக்கும், சுரம் முதலிய தகவல்களையும் அனுப்பும் மிடி பிளக்கும் பார்க்க ஒரே மாதிரி ஐந்து முனையோடு இருக்கும், உள்ளே ஓடும் சிக்னல் வேறு. டின் சிங்கிலும் மிடி கிளாக்கிலும் கால் நோட்டுக்கு (தாளத்தின் ஒரு அடிக்கு) 24 துடிப்பு. சிறிய அனலாக் கிளாக் ஜாக்குகளில் எண்ணிக்கை கருவிக்குக் கருவி மாறும். பேஸ் பாதி வேகத்திலோ இரட்டை வேகத்திலோ ஓடினால் அந்த அமைப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இணைந்ததும் பேட்டர்ன் நீளத்தை 12 ஆக்கி, டிரம்மை 16இலேயே விடு. டிரம் மூன்று சுற்று வரும்போது பேஸ் நான்கு சுற்று முடித்து, 48ஆவது இடம் தாண்டி இரண்டும் சேர்ந்து சமத்தில் விழும். அதைப் பதிவுசெய்து எனக்கு அனுப்பு. குமிழ்களை எங்கே வைத்தாய் என்பதையும் ஒரு தாளில் குறித்து அனுப்பு, அதே பேட்டர்னை இங்கே என் கருவியில் எழுதி, என் பங்குக்கு டிகேயைத் திருப்பித் திரும்ப உனக்கே அனுப்புகிறேன். சுமதியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரவி