சான்ரிக்கு ரயில்ல போனேன் மாப்ள

மாப்ள,

அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு படிச்சதும்தான் எனக்கு நிம்மதியாச்சு. சொட்டு மருந்த மட்டும் நேரம் தவறாம விடச் சொல்லு, தங்கச்சி பக்கத்துலயே இருக்கா, அப்புறம் என்ன. ஒரு வாரத்துல நான் நேர்ல போய் பாத்துட்டு உனக்கு எழுதுறேன்.

ஜப்பான் எப்படி இருந்துச்சுன்னு கேட்டிருந்த. டோக்கியோ, கியோட்டோ எல்லாம் நீ வீடியோலயே பாத்திருப்ப, அத விடு. நான் சொல்ல நினைக்கிறது சான்ரிக்குங்கிற கடலோரத்துல ஓடுற ரயில் பத்தி, அதுவும் மொதல்ல உன்கிட்டதான் சொல்லணும்னு அங்க இருக்கும்போதே முடிவு பண்ணிட்டேன், ஏன்னு படிக்கிறப்ப உனக்கே புரியும்.

ஜப்பானோட வடகிழக்குல இவாத்தேன்னு ஒரு மாகாணம், அங்க பசிபிக் கரையோரமா சக்காரிலேருந்து குஜி வரைக்கும் 163 கிலோமீட்டர் ஓடுது இந்த லைன். பெரும்பாலும் ஒத்த டீசல் பெட்டிதான், வெள்ளைல சிவப்பும் நீலமும் அடிச்சிருக்கும், கண்டக்டர்லாம் கிடையாது, ஏறும்போது நம்பர் போட்ட சீட்டு ஒண்ண எடுத்துக்கணும், இறங்கும்போது டிரைவர் பக்கத்துல இருக்க பெட்டில காச போட்டுட்டு இறங்கணும். இதோட வடக்கு, தெற்கு ரெண்டு துண்டும் அரசாங்க ரயில்வே நஷ்டம்னு கைவிட்டது, அத மாகாண அரசும் வழில இருக்க ஊருங்களும் தனியாரும் சேர்ந்து ஒரு கம்பெனி ஆரம்பிச்சு 1984 ஏப்ரல் 1லேருந்து ஓட்ட ஆரம்பிச்சாங்க, அந்த நாட்டுல இப்படி நடந்ததுல இதுதான் மொதல்.

கடலோர ரயில்னதும் வழி பூரா கடல் தெரியும்னு நினைச்சிடாத. மலை நேரா கடலுக்குள்ள இறங்குற கரை அது, ரெண்டு மலைக்கு நடுவுல இருக்க சின்ன இடத்துல ஒரு ஊரு, அடுத்து மறுபடி மலை, அதனால டன்னல் மேல டன்னலா வருது. இருட்டுலேருந்து வெளிய வந்ததும் பளீர்னு ஒரு நீலம், ஃபோன எடுக்கறதுக்குள்ள அடுத்த டன்னல். நான் கொஞ்ச நேரத்துல ஃபோன பைக்குள்ள போட்டுட்டேன், சும்மா ஜன்னலோரமா உக்காந்து காத்திருந்து பாக்கறதுதான் அதுக்கு சரி. வடக்குப் பக்கம் ஹொரினாய்னு ஒரு ஸ்டேஷன், கடல் அப்படியே கீழ விரிஞ்சு கிடக்கு, அதுக்குப் பக்கத்துல இருக்க ஓசாவா பாலத்து மேல டிரைவர் ரயிலையே நிறுத்திட்டாரு மாப்ள, நாம பாக்கணும்னுதான்! கீழ சின்னதா மணல், அதுல வந்து மடியுற அலை. எனக்கு எதிர்ல உக்காந்திருந்த பாட்டி தினம் போறவங்க போலருக்கு, அவங்களும் அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

2011 மார்ச் 11 அன்னிக்கு இந்தக் கரைக்குத்தான் சுனாமி வந்துச்சு. நாகப்பட்டினத்துக்காரங்களுக்கு, அதுவும் உனக்கும் எனக்கும், அத நான் விவரிச்சு எழுத வேண்டியதில்ல. அன்னிக்கு தெற்குப் பக்கம் ஓடிக்கிட்டிருந்த ஒரு பெட்டி நிலநடுக்கம் வந்தப்ப குவாதாய் டன்னலுக்குள்ள நின்னதால அப்படியே தப்பிச்சிருச்சு. ஷிமானோகோஷி ஸ்டேஷன் பாலத்தோட போயிடுச்சு. மியாக்கோல இருக்க ஆபீஸ்ல கரண்ட் இல்ல, ஸ்டேஷன்ல நின்ன டீசல் பெட்டில லைட்டும் ஹீட்டரும் இருந்துச்சு, அதுக்குள்ள உக்காந்துதான் கம்பெனிக்காரங்க அடுத்து என்ன செய்யறதுன்னு பேசியிருக்காங்க. அஞ்சே நாள்ல, மார்ச் 16, குஜிலேருந்து ரிக்குச்சூ-நோதா வரைக்கும் ஒரு ரயில விட்டுட்டாங்க, 20ஆம் தேதி மியாக்கோலேருந்து தாரோ வரைக்கும். டிக்கெட்டே வாங்கல, அந்த மாசம் முழுக்க எல்லாரையும் சும்மா ஏத்திக்கிட்டுப் போனாங்க. யோசிச்சுப் பாரு, பெட்ரோல் கிடைக்கல, ரோடு பூரா இடிபாடு, சொந்தக்காரங்க உசுரோட இருக்காங்களான்னு தேடிப் போறவனுக்கு அந்த ஒத்தப் பெட்டி என்னவா இருந்திருக்கும்? லாப நஷ்டக் கணக்கு பாக்கறவங்க இத எந்தக் கட்டத்துல எழுதுவாங்கன்னு எனக்குத் தெரியல. அப்ப அவங்ககிட்ட இருந்த வடக்கு, தெற்கு ரெண்டு துண்டும் முழுசா திரும்ப ஓட 2014 ஏப்ரல் ஆச்சு. 2019 மார்ச்சுல நடுவுல ஜேஆர்ங்கிற பெரிய ரயில் கம்பெனி வச்சிருந்த மியாக்கோ - கமாய்ஷி துண்டும் இவங்க கைக்கு வந்து ஒரே லைனாச்சு, அதே வருஷம் அக்டோபர்ல புயல் வந்து பாதிக்கு மேல அடிச்சிட்டுப் போச்சு, 2020 மார்ச்சுல மறுபடியும் சரி பண்ணி ஓட்டிட்டாங்க.

ஃபுதாய்னு ஒரு கிராமத்துல இறங்கினேன். அங்க ஆத்துக்குக் குறுக்க பெரிய வெள்ளத் தடுப்புக் கதவு கட்டியிருக்காங்க, 15.5 மீட்டர் ஒசரம். கோத்தோக்கு வாமுரான்னு ஒரு கிராமத் தலைவர், 1933 சுனாமிய கண்ணால பாத்தவரு, பழைய ஆளுங்க 1896ல 15 மீட்டர் அலை வந்துச்சுன்னு சொன்னத மனசுல வச்சுக்கிட்டு அந்த ஒசரத்துக்குத்தான் கட்டணும்னு நின்னுட்டாரு. இவ்வளவு செலவா, இவ்வளவு ஒசரமான்னு எதிர்ப்பு. 1984ல கட்டி முடிச்சாச்சு, 1997ல அவரு போய்ச் சேர்ந்துட்டாரு. 2011ல அலை கதவத் தாண்டிக்கூட கொஞ்சம் வந்துச்சு, ஆனா ஊருக்குள்ள வீடுங்க தப்பிச்சிருச்சு. அதுக்கப்புறம் ஜனங்க அவரோட கல்லறைக்குப் போய் கும்பிட்டாங்களாம். நான் அந்தக் கதவுக்குக் கீழ ரொம்ப நேரம் நின்னேன் மாப்ள, நம்ம அக்கரைப்பேட்டையத்தான் நினைச்சுக்கிட்டு.

அதே சமயம் செவுரு எல்லா இடத்துலயும் காப்பாத்திடல. தாரோல 10 மீட்டர் ஒசரத்துல 2.4 கிலோமீட்டருக்கு செவுரு இருந்துச்சு, அலை அதத் தாண்டி ஊரை அழிச்சிருச்சு. கீழ ரெண்டு தளமும் வெறும் இரும்புத் தூணா நிக்கிற ஒரு ஹோட்டல அப்படியே வச்சிருக்காங்க. இப்ப 14.7 மீட்டருக்குப் புதுசு கட்டியிருக்காங்க, கீழ நின்னா கடலே தெரியல. கட்டாதன்னு சொல்ல எனக்கு வாய் வரல, ஆனா கடல் தெரியாம கடலோரத்துல வாழறது எனக்கு முடியாது.

இப்ப உன் விஷயத்துக்கு வர்றேன். 2011ல குவைத் 50 லட்சம் பீப்பாய் கச்சா எண்ணெய ஜப்பானுக்குக் குடுத்துச்சு, அத வித்த காசுல ஒரு பங்கு இந்த ரயிலுக்கு வந்து புதுப் பெட்டிங்க வாங்கினாங்க. பெட்டிக்கு வெளில குவைத் சின்னம் போட்டு அரபி, இங்கிலீஷ், ஜப்பானீஸ் மூணுலயும் நன்றி எழுதியிருக்கு. அதத்தான் ஃபோட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன், நல்லா பெரிசு பண்ணிப் பாரு. 2011ல நீ அதே குவைத்ல, அஹமதில அந்த வெயில்ல பைப் வெல்டிங் அடிச்சுக்கிட்டு இருந்தவன். அந்த எண்ணெய்ல கொஞ்சமாவது உன் கை பட்ட பைப் வழியா போயிருக்கும்னு நான் நம்புறேன். இந்தப் பக்கம் ஒரு ஸ்கூல் பையன் அந்தப் பெட்டில தூங்கிக்கிட்டு வீட்டுக்குப் போறான்டா. ஊருக்குப் பணம் அனுப்புறதத் தவிர நான் என்ன செஞ்சேன்னு போன தடவ கேட்டியே, அந்தக் கேள்விய இனிமே கேக்காத.

அடுத்த லீவுக்கு நீயும் வா, சேர்ந்தே போவோம். டோக்கியோலேருந்து ஷின்கான்சென் புல்லட் ரயில்ல ஹாச்சினோஹே, அங்கேருந்து கடலோரமாவே போற இன்னொரு சின்ன ரயில்ல குஜி, அங்க சான்ரிக்கு ரயில புடிச்சு தெக்கால இறங்கி வரலாம். ஜேஆர் பாஸ் சான்ரிக்குல செல்லாது, தனியா டிக்கெட் எடுக்கணும். குஜி ஸ்டேஷன்ல உனி சாப்பாடு விக்கிறாங்க, முள்ளு முள்ளா இருக்குமே கடல் முள்ளெலி, அதுக்குள்ள இருக்க மஞ்சள் சதைய அவிச்சு சோத்து மேல பரப்பித் தர்றாங்க, கொஞ்சம்தான் போடுறாங்க, காலைலயே தீந்துடும். நீ மீனு நண்டுன்னா விடாதவன், உனக்குப் புடிக்கும். குளிர் காலத்துல வந்தா பெட்டிக்குள்ள ஹீட்டர் வச்ச மேஜையில போர்வைய இழுத்துக் கால மூடிக்கிட்டு போற ரயிலும் உண்டு, ஆனா உனக்கு குளிர் ஆகாது, அதனால வெயில் காலத்துலயே வச்சுக்கலாம்.

எந்த மாசம் லீவு தருவாங்கன்னு கேட்டு எழுது, விசா பேப்பருங்கள நான் இங்கேருந்து ரெடி பண்றேன்.

உன் பழைய பெஞ்ச்மேட்